‘என்னால் முடியாது’ என்று ஒரு யூதர் சொல்லலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். உங்களோடு வேலை பார்க்கும் நண்பர் யூதர். எட்டு மாதமாகக் குடிக்காமல் இருக்கிறார். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், பன்னிரண்டு படிகள் வைத்து ஒருவருக்கொருவர் துணையாகக் குடியை விடுகிறவர்களின் குழு) கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால், ‘அங்கே முதல் படியே நான் சக்தியற்றவன் என்று ஒத்துக்கொள்வது. என் மதமோ மனிதனுக்குத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது. நானே பிரார்த்தனை செய்து, நானே போராடி ஜெயித்தால்தான் அது தெஷுவா, உண்மையான மனந்திரும்புதல்’ என்கிறார். யூத மதம் உண்மையிலேயே அப்படித்தான் சொல்கிறதா, குடியை விடுவதில் நம்பிக்கைக்கு எவ்வளவு பங்கு, சொந்த முயற்சிக்கு எவ்வளவு பங்கு என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், ‘அவரை மறுபடி கூட்டத்துக்கு அனுப்ப நான் என்ன சொல்லலாம்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் யூதன் இல்லை. சென்னையில் மனநல சமூகப்பணி படித்துவிட்டு அமெரிக்கா வந்தவன். பென்சில்வேனியாவில் ஒரு போதை மீட்பு மையத்தில் பதினாறு வருடம் ஆலோசகராக இருந்தேன். அங்கே வாரம் ஒருமுறை ஒரு ரபி, அதாவது யூத மதகுரு, வருவார். யூத நோயாளிகள் இரண்டு மூன்று பேராவது எப்போதும் இருப்பார்கள். அவர்களோடு பேசி முடித்துவிட்டு, மதியம் சாப்பாட்டு அறையில் என்னோடு உட்கார்ந்து, பழைய ரபிகளின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய தல்மூத்தில் ஒரு பக்கம் படிப்பார். அவர் எபிரேயத்திலும் அரமேயத்திலும் வாசிக்க, நான் ஆங்கிலத்தில் விரல் வைத்துப் பின்தொடர்வேன். என் யூதப் படிப்பு அவ்வளவுதான். ஆகவே குடிநோயைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். நூல்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் எடுத்துக்கொள்ளலாம். ‘என் விஷயத்தில் சட்டம் என்ன’ என்று உங்கள் நண்பர் கேட்டால் மட்டும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவருடைய ரபி.

சந்தேகத்துக்கு இடமில்லாததை முதலில் முடித்துவிடுவோம். வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். நடுக்கமும் காய்ச்சலும் புத்தி தடுமாற்றமுமாகி உயிரே போகலாம். உங்கள் நண்பர் எட்டு மாதத்தைத் தாண்டிவிட்டார், இன்று அந்த ஆபத்து இல்லை. ஆனால் மறுபடி ஆரம்பித்து ஆழமாகப் போய்விட்டு, ‘இந்தத் தடவை பிரார்த்தனையோடு வீட்டிலேயே நிறுத்திக்கொள்கிறேன்’ என்று சொன்னால் விடாதீர்கள், மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று மாத்திரைகள் இருக்கின்றன. பலருக்கு உதவுகின்றன, எல்லோருக்கும் அல்ல. யூத மதம் இதற்கு ஒரு இம்மியும் குறுக்கே நிற்காது. அடித்தவன் அடிபட்டவனைக் குணமாக்க வேண்டும் என்று யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் வரும் வரியிலிருந்துதான், வைத்தியம் செய்ய வைத்தியனுக்கு அனுமதி கிடைத்தது என்கிறது தல்மூத். உயிர் காக்க சபாத் என்ற வார ஓய்வுநாளையே மீறலாம், மீறத்தான் வேண்டும் என்பது சட்டம். மருந்து வேண்டாம், கடவுள் போதும் என்று சொல்கிறவரை அந்த மரபு பக்திமான் என்று பாராட்டாது.

ஏ.ஏ. பற்றியும் ஓரளவு உறுதியாகவே பேசலாம். 2020-இல் வந்த காக்ரேன் தொகுப்பு (மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் அமைப்பு காக்ரேன்) 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துச் சொச்சம் பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. குடியை முழுக்க விட்டிருப்பதில், ஏ.ஏ.வுக்குள் ஆளை முறையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிகிச்சை, மற்ற உளவியல் சிகிச்சைகளுக்கு ஒருபடி மேலாகவே இருந்தது. அது ஏன் வேலை செய்கிறது என்பதில்தான் சண்டை. கடவுளா, காபியா, பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஆளா? நான் பார்த்தவரை அந்த ஆள்தான். ஆனால் இது என் அபிப்பிராயம்; கடவுள்தான் என்று சத்தியம் செய்கிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களும் குடிக்காமல்தான் இருக்கிறார்கள்.

இனி உங்கள் நண்பரின் வாதம். அதில் பாதி சரி, அந்தப் பாதியை மறுக்கப் போகாதீர்கள். ‘வாழ்வையும் சாவையும் உன்முன் வைத்தேன், வாழ்வைத் தேர்ந்துகொள்’ என்று உபாகமம் 30-இல் மோசே சொல்கிறார். ‘எல்லாம் வானத்தின் கையில், வானத்துக்கு அஞ்சுவதைத் தவிர’ என்பது தல்மூத்தில் ரபி ஹனினாவின் வாக்கு. வானம் என்றால் கடவுள். நீ உயரமா குள்ளமா, ஏழையா பணக்காரனா என்பதெல்லாம் அவர் தீர்மானம். நல்லவனாவதும் கெட்டவனாவதும் உன் தீர்மானம். 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வைத்தியராகவும் இருந்த மைமோனிடிஸ், யூதர்கள் ரம்பாம் என்று அழைக்கும் பெரியவர், தன் சட்டத் தொகுப்பில் தெஷுவாவுக்கு மட்டும் பத்து அதிகாரங்கள் ஒதுக்கியிருக்கிறார். தெஷுவா என்றால் திரும்பி வருதல். அதில் ஐந்தாவது அதிகாரம் முழுக்கத் தேர்வுச் சுதந்திரம்தான்: மனிதனை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, விதி இழுத்துப்போவதில்லை. முழுமையான தெஷுவா எது என்பதற்கும் அவர் ஒரு விளக்கம் தருகிறார். முன்பு தவறிய அதே சூழ்நிலை மறுபடி வர வேண்டும். செய்யச் சக்தியும் இருக்க வேண்டும். பயத்தாலோ பலவீனத்தாலோ அல்லாமல், திரும்பிவிட்டதால் செய்யாமல் விட வேண்டும்.

இந்த வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஐம்பதைத் தாண்டியவர், கணக்கர், படித்தவர். எங்கள் மையத்திலிருந்து வெளியே போய் மூன்றாவது மாதம், பழைய பாருக்கே போய், பழைய ஸ்டூலிலேயே உட்கார்ந்து, எலுமிச்சைத் துண்டு போட்ட சோடா வாங்கிக் குடித்துவிட்டு வீடு திரும்பினார். மறுநாளும் போனார். எனக்குப் போன் போட்டு, ‘ரம்பாம் சொன்ன தெஷுவா இதுதான், இரண்டு நாள் ஜெயித்துவிட்டேன்’ என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். மூன்றாவது நாள் போன் வரவில்லை. நான்கு நாள் கழித்து அவர் மனைவிதான் பேசினார்.

அவர் திரும்பி வந்தபோது ரபி திட்டவில்லை. ‘தெஷுவா முழுமையானது என்று எப்படி அடையாளம் காண்பது என்றுதான் ரம்பாம் சொன்னார். பரீட்சை ஹாலை நீயே வாடகைக்குப் பிடி என்று சொல்லவில்லை’ என்றார். அப்புறம் இரண்டு வரிகளை எடுத்துக் காட்டினார். மனிதன் ஒருபோதும் தன்னைச் சோதனைக்குக் கொண்டுபோகக் கூடாது; தாவீது ராஜாவே தன்னைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டு இடறி விழுந்தார் என்பது ஒன்று. மற்றது நாசீருக்குச் சொன்னது. நாசீர் என்றால் திராட்சை ரசம் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டவர். அவரைப் பார்த்து, ‘சுற்றிப் போ, சுற்றிப் போ, திராட்சைத் தோட்டத்துப் பக்கமே வராதே’ என்கிறது தல்மூத். தோட்டத்தில் நடப்பது பாவமல்ல. திராட்சையைத் தின்னாமலும் நடக்கலாம். ஆனாலும் சுற்றிப் போகச் சொல்கிறார்கள். மறுகுடியைத் தடுப்பது பற்றி நான் எடுத்த பாடங்கள் எல்லாவற்றின் சாரமும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

தேர்வுச் சுதந்திரம் உண்டு என்றால், அது எந்த இடத்தில் இருக்கிறது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பதில் ரபி எலியாகு டெஸ்லருடையது. லாட்வியாவில் 1892-இல் பிறந்து, இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட்டில் இருந்து, 1953-இல் இஸ்ரேலில் பினே பிராக் நகரில் இறந்தவர். அவர் ஒரு போர்க்களத்தைக் காட்டுகிறார். இரண்டு நாட்டுப் படைகள் ஒரு கோட்டில் மோதிக்கொள்கின்றன. அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருவர் வசம் இருக்கும் பூமி, அங்கே சண்டை கிடையாது. மனிதனின் சுதந்திரமும் அந்த மோதல் கோட்டில்தான் வேலை செய்கிறது. பழக்கமாகிப் போன நல்லதில் போராட்டம் இல்லை, பழக்கமாகிப் போன கெட்டதிலும் போராட்டம் இல்லை. ஒவ்வொரு சின்ன வெற்றிக்கும் கோடு முன்னே நகரும், ஒவ்வொரு தோல்விக்கும் பின்னே நகரும்.

டெஸ்லர் இதைக் குடிநோய்க்காகச் சொல்லவில்லை. ஆனால் குடிநோயோடு வேலை செய்கிற எவருக்கும் இதைக் கேட்டவுடன் பொறி தட்டும். கையில் கிளாஸ் வந்துவிட்ட குடிநோயாளிக்கு அங்கே சண்டையே இல்லை, அது எதிரி எப்போதோ பிடித்துவிட்ட ஊர். ‘நான் சக்தியற்றவன்’ என்று முதல் படி சொல்வது அந்த ஊரைப் பற்றித்தான் என்பது என் வாசிப்பு. அவருடைய கோடு வேறு இடத்தில் இருக்கிறது. ஆபீஸ் முடிந்து எந்தச் சாலை வழியாக வீட்டுக்குப் போவது. எரிச்சலாக இருக்கும்போது ஸ்பான்சருக்கு, அதாவது ஏ.ஏ.யில் தனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினருக்கு, போன் செய்வதா, ‘பரவாயில்லை, சமாளித்துக்கொள்ளலாம்’ என்று விடுவதா. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குப் போவதா, மழை என்று உட்கார்ந்துவிடுவதா. இந்த இடங்களில் அவருக்கு முழுச் சுதந்திரம் இருக்கிறது, முழுப் பொறுப்பும் இருக்கிறது. கிளாஸுக்கு முன்னால் தன்னிடம் இல்லாத வீரத்தைத் தேடிக்கொண்டு, போன் செய்வதில் இருக்கிற சுதந்திரத்தை விட்டுவிடுகிறவர்களைத்தான் நான் வருடக்கணக்கில் பார்த்தேன். உங்கள் நண்பரும் இப்போது அதைத்தான் செய்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

சரி, அவர் விட்டுவிட்ட மற்றப் பாதிக்கு வருவோம். தல்மூத்தில் கித்துஷின் பகுதியில் ஒரு வாக்கு இருக்கிறது: மனிதனின் கெட்ட உந்துதல் தினமும் அவன்மேல் பலங்கொண்டு எழுகிறது, கடவுள் உதவாவிட்டால் அவனால் அதை வெல்ல முடியாது. உந்துதல் என்று நான் சொல்வதை எபிரேயத்தில் யேட்ஸெர் ஹாரா என்பார்கள். நம்மூர் சாத்தான் போல வெளியே நிற்கிற ஆசாமி அல்ல. ஆளோடு பிறந்தது, பசியும் காமமும் போல. ரபி ஆபிரகாம் ட்வெர்ஸ்கி ஏ.ஏ.யின் முதல் இரண்டு படிகளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டியது இந்த வாக்கைத்தான். உங்கள் நண்பருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1930-இல் மில்வாக்கியில் ஹசிடிய (யூத பக்தி இயக்கம் ஒன்றின்) ரபிகள் வம்சத்தில் பிறந்தவர், தாடியும் கறுப்புக் கோட்டுமாகவே மனநல மருத்துவரானவர், பிட்ஸ்பர்க்கில் பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரிகள் நடத்திய மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். 1972-இல் கேட்வே என்ற போதை மீட்பு மையத்தை ஆரம்பித்தார். 2021 ஜனவரி கடைசியில் எருசலேமில் இறந்தார். பன்னிரண்டு படிகளுக்கும் யூத வேதமான தோராவுக்கும் சண்டை இல்லை என்பதை ஒரு வைதீக ரபியே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது உங்கள் நண்பருக்கு என் வாதங்களைவிடப் பெரிய விஷயமாகப் படலாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது பெராகோத் பகுதியில் வரும் ஒரு சின்னச் சம்பவம். ரபி யோகனான் என்பவர் 3-ஆம் நூற்றாண்டில் திபேரியாவில் இருந்த பெரிய ஆசிரியர். நோயாய்க் கிடந்த ஒரு சீடரைப் பார்க்கப் போகிறார். ‘இந்த வேதனைகள் உனக்குப் பிரியமா?’ என்று கேட்கிறார். வேதனைக்குப் பலன் உண்டு என்று நம்புகிற காலம் அது. சீடர், ‘இவையும் வேண்டாம், இவற்றின் பலனும் வேண்டாம்’ என்கிறார். ‘கையைக் கொடு’ என்கிறார் யோகனான். கையைப் பிடித்து எழுப்பிவிடுகிறார். அப்புறம் யோகனானே நோயில் விழுகிறார். ரபி ஹனினா பார்க்க வருகிறார். அதே கேள்வி, அதே பதில், ‘கையைக் கொடு’, எழுப்பிவிடுகிறார். இங்கே தல்மூத் நின்று ஒரு கேள்வி கேட்கிறது: மற்றவர்களை எழுப்பத் தெரிந்த யோகனான், தானே எழுந்திருக்கக் கூடாதா? பதில்: கைதி தன்னைத்தானே சிறையிலிருந்து விடுவித்துக்கொள்ள முடியாது.

ரபி இதை வாசித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாண்ட்விச்சைத் தட்டில் வைத்துவிட்டு, கையை மேஜைமேல் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க அப்படியே வைத்திருந்தார். ‘இதில் யோகனான் செய்தது என்ன?’ என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ‘கையைக் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் வேலை. ஆனால் அந்த வேலையை ஹனினாவால் அவருக்காகச் செய்ய முடியாது’ என்றார். நம்பிக்கையா முயற்சியா என்ற உங்கள் கேள்விக்கு நான் தெரிந்துகொண்ட யூதப் பதில் அந்த மேஜைமேல் இருந்த கைதான். கையை நீட்டுவது இவர். தூக்குவது இன்னொருவர். அந்த இன்னொருவர் கடவுளா, ஹனினாவா என்று அந்தக் கதை பிரித்துச் சொல்லவும் இல்லை.

இதற்கு நேரெதிராக நிற்கிற ஒரு கதையையும் சொல்லியாக வேண்டும். உங்கள் நண்பர் படித்தவர் என்றால் அதைத்தான் எடுத்து வீசுவார். அவோதா சாரா பகுதியில் எலாசார் பென் தோர்தயா என்று ஒருவர். அவர் போகாத வேசி உலகத்தில் இல்லை என்கிறது தல்மூத். கடல்கரைப் பட்டணம் ஒன்றில் ஒருத்தி இருக்கிறாள், ஒரு பை நிறைய தினார் வாங்குகிறாள் என்று கேள்விப்பட்டு, பையை எடுத்துக்கொண்டு ஏழு ஆறுகளைக் கடந்து போகிறார். அங்கே அவள் ஒரு வார்த்தை சொல்கிறாள்: ‘விட்ட மூச்சு திரும்ப உள்ளே வராது, அதுபோல உன் தெஷுவாவையும் யாரும் ஏற்கப் போவதில்லை.’ அது உறைக்கிறது. இரண்டு மலைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து, ‘மலைகளே, குன்றுகளே, எனக்காக இரக்கம் கேளுங்கள்’ என்கிறார். எங்களுக்கே கேட்க வேண்டியிருக்கிறது என்று அவை கைவிரிக்கின்றன. வானத்தையும் பூமியையும் கேட்கிறார், சூரியனையும் சந்திரனையும் கேட்கிறார், நட்சத்திரங்களைக் கேட்கிறார். எல்லாம் அதே பதில். கடைசியில், ‘இது என்னைத் தவிர வேறு எதையும் பொறுத்தது இல்லை’ என்று சொல்லி, தலையை முழங்கால்களுக்கு நடுவே புதைத்து அழுகிறார், உயிர் போகும்வரை. ரபி எலாசாருக்கு மறுமையில் வாழ்வு உண்டு என்று வானத்திலிருந்து குரல் கேட்கிறது. ரபி என்ற பட்டம் அவருக்கு அங்கேதான் கிடைக்கிறது.

‘என்னைத் தவிர வேறு எதையும் பொறுத்தது இல்லை’ என்பதுதான் சொந்த முயற்சிக்காரர்களின் கொடி. மலைகள் என்பது பெற்றோர், அவர்கள்மேல் பழிபோடுவதை அவர் விட்டுவிட்டார் என்று பிற்காலத்தில் சிலர் விளக்குவார்கள். அதுவும் நல்ல வாசிப்புதான். மீட்சியில் அப்படி ஒரு கட்டம் கண்டிப்பாக வரும். அப்பா சரியில்லை, மனைவி சரியில்லை, மேனேஜர் சரியில்லை என்று ஒவ்வொரு மலையாகக் கேட்டுவிட்டு வருகிறவர்களைத்தானே நாங்கள் தினமும் பார்த்தோம். ஆனால் எங்கள் மைய நோயாளிகளுக்கு ரபி இந்தக் கதையைச் சொல்லும்போது அந்தக் கடைசி இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார். ‘ஆள் என்ன ஆனான்?’ என்று கேட்பார். ‘செத்துப்போனான்’ என்பார்கள். தல்மூத்தே அந்தச் சாவைத்தான் விவாதிக்கிறது. மதத்துரோகத்தை விட்டுத் திரும்புகிறவர்கள்தான் செத்துப்போவார்கள் என்றல்லவா பேச்சு, இவர் ஏன் செத்தார்? இவர் அதிலேயே அவ்வளவு ஒட்டிப்போய்விட்டதால் இதுவும் அதுபோலத்தான் என்று பதில் சொல்கிறது. ‘ஒட்டிப்போதல்’ என்று ஒரு பாவத்தை வேறு ரகமாகப் பிரித்து வைத்த அந்த ஒரு சொல், அடிமைத்தனம் என்று நாம் இன்று சொல்வதற்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. தனியாக, யார் கையும் இல்லாமல், மலைகளுக்கு நடுவே ஒரே மூச்சில் விட்டவன் சாமியார் ஆனான், ஆனால் பிழைக்கவில்லை. இப்படி வாசிப்பது எங்கள் தொழில்காரர்களின் வாசிப்பு. பழைய உரையாசிரியர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் நண்பர் மறுத்தால் மறுக்கட்டும், அதற்காகச் சண்டை வேண்டாம்.

பங்கு எவ்வளவு என்று கேட்டீர்களே, கணக்காகச் சொல்லியிருப்பவர்கள் உண்டு. சாலொமோனின் உன்னதப்பாட்டுக்கான பழைய உரை ஒன்றில் கடவுள் சொல்கிறார்: எனக்கு ஊசிக்காது அளவு வாசல் திற, வண்டிகள் போகிற அளவு வாசலை நான் உனக்குத் திறக்கிறேன். அளவில் பார்த்தால் முயற்சியின் பங்கு கொஞ்சமே. வரிசையில் பார்த்தால் அதுதான் முதலில் வர வேண்டும். யூதர்கள் முயற்சியை ஹிஷ்தத்லூத் என்றும், கடவுள்மேல் பாரத்தைப் போடுவதை பித்தாகோன் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று பல நூற்றாண்டுகளாக விவாதம் நடக்கிறது, இன்னும் முடியவில்லை. அதனால் ‘யூத மதம் இதைத்தான் சொல்கிறது’ என்று ஒரே வரியில் முடிக்கிற யாரையும், உங்கள் நண்பர் உட்பட, கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

ஏ.ஏ.யில் ஒரு யூதருக்கு உண்மையிலேயே நெருடக்கூடியவை வேறு. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் அது ஆரம்பித்தபோது அதன் பின்னணி ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கம். இன்றும் நிறையக் கூட்டங்கள் சர்ச்சின் அடித்தளத்தில்தான் நடக்கும். மடக்கு நாற்காலிகள், பெரிய காபிப் பாத்திரம், சுவரில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வரைந்த இயேசு. முடிவில் எல்லோரும் கைகோத்து நின்று, சில ஊர்களில், பரமண்டல ஜெபம் சொல்வார்கள். வைதீகமாக வளர்ந்த யூதருக்கு அது வயிற்றைப் பிசையும், அதைப் போய் ‘எல்லாக் கடவுளும் ஒன்றுதானே’ என்று நம்மூர் பாணியில் சமாதானம் சொல்லாதீர்கள், எரிச்சல்தான் வரும். ஜெபத்தின்போது சும்மா நிற்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். சர்ச் கட்டடத்துக்குள் போகலாமா என்பதை அவர் ரபியிடம் கேட்கட்டும், இதில் ரபிகளுக்குள் ஒரே கருத்து இல்லை. சினகாக்கில், அதாவது யூத ஜெப ஆலயத்தில், நடக்கும் கூட்டங்களும் இருக்கின்றன, ஆன்லைன் கூட்டங்களும் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸில் 1987-இல் தொடங்கிய பெத் தெஷுவா போல, படிகளையும் தோராவையும் சேர்த்தே நடத்தும் இடங்கள் இருக்கின்றன.

திராட்சை ரசத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு ரசக் கிண்ணத்தின்மேல் சொல்லும் கித்துஷ் ஜெபம், பாஸ்காவில் நான்கு கிண்ணம், பூரிம் பண்டிகையில் தலைகால் புரியாமல் குடிக்கச் சொல்லும் ஒரு வாக்கு என்று இந்த மதத்தில் ரசம் இல்லாமல் எதுவும் நடக்காது. எங்கள் நோயாளி ஒருவர், எல்லாம் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே, வெள்ளிக்கிழமை தாத்தாவின் வெள்ளிக் கிண்ணத்தில் மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். ‘அது குடி இல்லை, மிட்ஸ்வா, மதக் கடமை’ என்றார். கிண்ணம் ஏழு முறை நிரம்பும் என்று அவர் மகள் சொன்னாள். ‘உனக்கு அது மிட்ஸ்வா இல்லை’ என்று ரபி கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு குலை திராட்சையைப் பிழிந்து அதன்மேலேயே கித்துஷ் சொல்லலாம் என்று தல்மூத்திலேயே இருக்கிறது, புளிக்காத திராட்சைச் சாறு போதும். பூரிமுக்கு அவர் ஒரு கதை சொல்வார். ரப்பாவும் ரபி சேராவும் சேர்ந்து விருந்துண்டு, போதையில் ரப்பா எழுந்து சேராவின் கழுத்தை அறுத்துவிட்டார். மறுநாள் தெளிந்து, வேண்டிக்கொண்டு, உயிர்ப்பித்தும் விட்டார். அடுத்த வருடம், ‘வாரும், பூரிமைச் சேர்ந்து கொண்டாடலாம்’ என்று கூப்பிட்டபோது சேரா சொன்னாராம்: ‘ஒவ்வொரு தடவையும் அற்புதம் நடக்காது.’ எங்கள் நோயாளிகள் இதற்குச் சிரிப்பதுபோல வேறு எதற்கும் சிரித்து நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, உண்மையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். எட்டாவது மாதத்தில் ஒருவர் கூட்டத்தை நிறுத்திவிட்டு இறையியல் பேசினால், காரணம் இறையியலாக இருப்பது அபூர்வம். நாலாவது ஐந்தாவது படிகள் வந்திருக்கலாம். தன் தவறுகளை எழுதி இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய இடம் அது. கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்று வந்திருக்கலாம். யூதர்கள் குடிப்பதில்லை, குடிகாரன் என்றால் அவன் வேற்றினத்தான் என்று, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இட்டிஷ் மொழியில் பாட்டே இருக்கிறது. அந்தப் பெருமைக்குள் வளர்ந்தவருக்கு வெட்கம் இரட்டிப்பு. அல்லது, இதைத்தான் நான் பயப்படுகிறேன், தனக்குச் சரியாகிவிட்டது என்று நினைக்க ஆரம்பித்திருக்கலாம். ‘சாகும் நாள்வரை உன்னை நம்பாதே’ என்று பழைய ஆசிரியர் ஹில்லேல் சொன்னதையும், எண்பது வருடம் பிரதான ஆசாரியனாக இருந்துவிட்டுக் கடைசியில் வழிமாறிப்போன வேறொரு யோகனானைத் தல்மூத் அதற்கு உதாரணம் காட்டுவதையும் அவர் அறிந்திருப்பார். அதை நீங்கள் எடுத்துச் சொல்லாதீர்கள். உங்கள் வாயிலிருந்து வந்தால் உபதேசமாகத்தான் கேட்கும்.

அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘கடைசியாகப் போன கூட்டத்தில் என்ன நடந்தது?’ கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் இறையியலாகவே வந்தால், கைதி தன்னை விடுவித்துக்கொள்ள முடியாது என்ற அந்தப் பெராகோத் பக்கத்தை அவர் ரபியோடு உட்கார்ந்து படிக்கச் சொல்லலாம். வேறு ஏதாவது வந்தால், அதைப் பேசுங்கள். எப்படி இருந்தாலும், ‘நான் வண்டி ஓட்டுகிறேன், நீங்கள் உள்ளே போய்வாருங்கள், நான் வெளியே காத்திருக்கிறேன்’ என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். கூட்டம் ஏழரைக்கு என்றால் ஏழு மணிக்கு அவர் வாசலில் இருங்கள். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் வேண்டாம், சபாத்தில் அவர் வண்டி ஏற மாட்டாராக இருக்கும். வியாழன் பாருங்கள்.